இரண்டு சில்லும் சுற்ற வேண்டும்

புளியந்தீவில் யாரும் கிடங்கு தோண்டுவதில்லை. இரண்டடி வெட்டுவதற்குள் வாவித் தண்ணீர் ஊறி வந்துவிடும். கராஜ்களில் இருப்பதுபோல் காருக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்ட எங்கள் வீட்டு வளவில் வழியில்லை. அதனால் அண்ணன் தன் காரை ஒரு பக்கமாகச் சரித்து, தென்னங்குற்றிகளை முட்டுக்கொடுத்து, படுக்கவைத்தே வேலை செய்தார். வாவியில் தோணிக்குத் தார் பூசுகிறவர்கள் செய்கிற வேலை அது. கேற்றைத் திறந்து உள்ளே வரும் எவர் கண்ணிலும் முதலில் படுவது அந்தக் காரின் வயிறுதான். "ரீச்சர், உங்கட மாடு எப்ப எழும்பும்?" என்று தபால்காரர் கேட்காத நாள் குறைவு. பள்ளிக்கூடத்தில் கத்திக் களைத்து வரும் எனக்கு அதைக் கண்டதும் பற்றிக்கொண்டு வரும்.

அது ஊரில் ஓடுகிற கார்களில் ஒன்று அல்ல. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட பழைய அமெரிக்கக் கார். மலைநாட்டில் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒருவர் ஓடாத நிலையில் அதைக் கைவிட்டுப் போக, இளந்தாரியாக இருந்த அண்ணன் லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து ஓடவைத்தார். எங்கள் பறங்கிக் குடும்பங்களில் ஆண்கள் ஒன்றில் தச்சு வேலை, அல்லது இரும்பு வேலை. அண்ணன் இரும்பு. பெற்றோல் இல்லாத வருடங்களில் அந்தக் கார் தறப்பாளுக்குள் தூங்கியது. பெற்றோல் கிடைத்த வருடங்களில் வெறிகாரனைப் போலக் குடித்தது. அண்ணனின் மனைவி, என் மச்சாள், கலியாணப் பெண்ணாகக் கோயிலுக்கு வந்து இறங்கியது அதில்தான்.

மச்சாளைக் கடல் கொண்டுபோனதும் அந்தக் காரின் பக்கத்தில் வைத்துத்தான்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் காலை. அவர்கள் டச்பாரில், கடலுக்குக் கிட்ட இருந்தார்கள். ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுவதைக் கண்டு அண்ணன் மச்சாளையும் மகளையும் காரில் ஏற்றினார். வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு துண்டு மணல்வெளி. அதில் பின்சில்லு ஒன்று புதைந்து சும்மா சுற்றியது. மற்றச் சில்லு அசையாமல் நின்றது. மச்சாள் இறங்கிப் பின்னால் நின்று தள்ளினார். அந்த நேரம் தண்ணீர் வந்தது. கண்ணாடிகள் பூட்டியிருந்த காரைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்ச் சவுக்கு மரங்களுக்கிடையில் செருகியது. உள்ளே இருந்த அண்ணனும் மகளும் தப்பினார்கள். மச்சாளை அடுத்த நாள் நாங்கள் வாவிப் பக்கமாகக் கண்டெடுத்தோம்.

அவர்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். காரை ஒரு உழவு ரக்டர் பாலத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்தது.

செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அண்ணன் ஒரே கதையைச் சொன்னார். "ஒரு சில்லுத்தான் சுத்தின. அவ தானா இறங்கித் தள்ளின." கோயில் சுவாமிக்கும் அதே சொல், சொந்தக்காரருக்கும் அதே சொல், நிவாரணச் சாமான் கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் அதே சொல். நான் கணிதம் படிப்பிக்கிறவள். பாடமாக்கிய விடையை ஒரு பிள்ளை ஒப்புவித்தால் எனக்குத் தெரியும். மனைவியைக் கீழே இறக்கிவிட்டுத் தான் உள்ளே இருந்து தப்பிய ஒரு மனிதன் இரும்பின் தலையில் பழியைப் போடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவர் கூடப்பிறந்தவர், துக்கத்தில் இருக்கிறார். ஆனாலும் சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைக்கும்போது என் கை கொஞ்சம் பலமாகவே வைத்தது.

அவர் சொன்னது பொய்யல்ல என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாதிரிக் காரின் பின் அச்சின் நடுவில் பானை அளவில் ஒரு பல்லுப்பெட்டி இருக்கிறது. கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அந்தப் பெட்டி இடம் கொடுக்கிறது. தார் ரோட்டில் அது நல்லது. மணலில் அதுவே வினை. பிடி இல்லாத சில்லுக்கே எஞ்சினின் பலம் எல்லாம் போய்ச் சேரும். பிடி உள்ள சில்லு வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே அண்ணன் முடிவெடுத்தார். இரண்டு சில்லும் ஒன்றாகச் சுற்றுகிற மாதிரி ஒரு அச்சுப் போடுவது. பின்பக்கத்துக்குத் தடித்த ஸ்பிரிங் தகடுகளும் பலமான ஷொக் அப்சோபரும் போட்டுக் காரின் வயிற்றை மணலில் முட்டாமல் உயர்த்துவது. பிறகு அதே இடத்துக்குக் கொண்டுபோய் மணலுக்குள் இறக்கி வெளியே எடுப்பது. அதே ரயர், அதே காற்று, அதே மணல், இல்லாவிட்டால் அது சோதனையே இல்லை என்றார். மகளும் கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணனின் மகளுக்கு, என் மருமகளுக்கு, அப்போது பதினாலு வயது. தகப்பனோடு பேசுவது நின்றுபோயிருந்தது. என்னோடும் தேவைக்கு மட்டும். நன்றாகச் சாப்பிட்டாள், படித்தாள், சட்டைகளைத் தானே தோய்த்தாள். பார்க்கிறவர்கள் பிள்ளை தேறிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் பின்னேரம், "கடல் வருது" என்று யாரோ தெருவில் கத்தினார்கள். அந்த மாதங்களில் இந்தக் கத்தல் அடிக்கடி எழும்பும். எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஊர் முழுக்க ஓடும். நானும் ஒரு காலில் செருப்போடு ஓடினேன். மாடி வீடொன்றின் படியில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் மருமகள் பின்னால் வரவில்லை என்று கண்டேன். திரும்பி ஓடினேன். எதிரே வந்த சனம் என்னை விசரி என்று ஏசியது. அவள் சமைக்கிற குசினியின் வாசற்படியில் பாடக் கொப்பியோடு அப்படியே இருந்தாள். அண்ணன் அவளுக்குப் பக்கத்தில், கிறீஸ் பிடித்த கையைத் தொங்கவிட்டபடி, இழுக்கவும் துணியாமல் நின்றார். ஏன் ஓடவில்லை என்று கேட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பொய்தானே மாமி" என்றாள். அவளுக்கு அது பொய் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. உண்மையாக இருந்தாலும் எழும்பியிருக்க மாட்டாள் என்பது எனக்கு விளங்கியது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிப்பித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் அவள் என்ன செய்கிறாளோ என்று மனம் ஓடும். வீட்டில் இருந்தால் கேற்றுக்கும் குசினிக்கும் நடப்பேன். கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டுவேன். அண்ணனின் சுத்தியல் சத்தம் நின்றால் ஏன் நின்றது என்று பயம், நிற்காவிட்டால் ஏன் நிற்கவில்லை என்று கோபம். இந்தப் பிள்ளை கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டிருக்க, இந்த மனிதர் தன் நியாயத்தை நிரூபிக்க இரும்பு வெட்டுகிறாரே என்று குமுறினேன்.

வேலையும் சீக்கிரம் முடிகிற வேலையாக இருக்கவில்லை. பெரியகல்லாற்றில் ரக்டர் திருத்துகிற ஒரு தம்பி அண்ணனுக்குப் பழக்கம். கடல் புரட்டிப்போட்ட வாகனங்களிலிருந்து ஒரு அச்சை அவர்தான் தேடிப்பிடித்தார். அது காருக்கு அகலம் கூட. வெட்டிக் குறைக்க வேண்டும். அதற்குள் நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. டவுனிலிருந்து வாவிக்கு மேலாக எதிர்க்கரையான படுவான்கரைக்கு ஷெல் போகும். வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிரும். அந்தப் பக்கத்துச் சனம் வாவியைக் கடந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்புகளில் பாய் விரித்தது. வெல்டிங் கம்பி கடையில் இல்லை. இருந்தால் எதற்கு என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். இரும்பை வெட்டுகிற சத்தம் கேட்டு இரண்டு தடவை ஆமிக்காரர்கள் வந்து, சரிந்து கிடக்கும் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இது என்ன என்று கேட்டதற்கு அண்ணன் கைகளை விரித்துக் காட்டினார். அவருக்கே அது என்ன என்று தெரியவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

எங்கள் பக்கத்துச் சண்டை ஓய்ந்து, சனம் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு கல்லாற்றுத் தம்பி மறுபடி வந்தார். வெட்டிக் குறைத்திருந்த அச்சின் பல்லுப்பெட்டியைத் திறந்து, உள்ளே சில்லுகளைத் தனித்தனியாக ஓடவிடுகிற பல்லுகளை ஒன்றோடொன்று வெல்ட் பண்ணி ஒட்டினார்கள். இனி இரண்டு சில்லும் ஒன்றாகத்தான் சுற்றும். மிச்சம் காரை உயர்த்துகிற வேலை. பழைய அமைப்பில் ஸ்பிரிங் தகடுகள் அச்சுக்குக் கீழே தொங்கும். அவற்றை அச்சுக்கு மேலே ஏற்றிவிட்டால் கார் தானாக உயரும். ஆனால் தகடுகள் உட்காருகிற இரும்பு இருக்கைகள் அச்சின் கீழ்ப்பக்கத்தில் இருந்தன. அவற்றை அறுத்து மேல்பக்கம் ஒட்ட வேண்டும். வெல்டிங் கம்பியோ முடியப்போகிறது.

இருவரும் பீடி பற்றவைத்து யோசித்தார்கள். பிறகு, ஏன் அறுக்க வேண்டும், அச்சையே புரட்டிப் பூட்டினால் இருக்கைகள் தன்பாட்டில் மேலே வந்துவிடுமே என்று கண்டுபிடித்தார்கள். கார் நிமிர்ந்து நின்றிருந்தால் அவர்கள் கண்ணுக்குப் பிழை தெரிந்திருக்கும். படுத்துக்கிடக்கிற காரில் மேல் எது, கீழ் எது? இரண்டு பேரும் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்துப் பூட்டி முடித்தார்கள். ஒயில் விடுகிற ஓட்டை ஏன் இடம் மாறி இருக்கிறது என்று தம்பி ஒருக்கால் கேட்டது எனக்குக் கேட்டது. வேறு வாகனத்து அச்சுத்தானே, அப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணன்.

அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து காரை நிமிர்த்தினார்கள். அது பின்பக்கம் தூக்கி, சண்டைக்கு நிற்கிற சேவல் மாதிரி நின்றது. அண்ணன் ஏறி எஞ்சினை உதறிக் கிளப்பினார். வளவே அதிர்ந்தது. கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஒதுங்கி நின்றேன். அவர் முதல் கியரைப் போட்டு, கேற்றை நேராகப் பார்த்தபடி, கம்பீரமாகப் பின்னால் போனார். பின்னால் போய் என் கோழிக்கூட்டை நசித்து, தகரவேலியில் முட்டி நின்றார். கோழிகள் வெளியே மேய்ந்துகொண்டிருந்ததால் தப்பின. அச்சைப் புரட்டியதால் சில்லுகள் எதிர்ப்பக்கம் சுற்றுகின்றன என்று தம்பிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அண்ணன், ரிவேர்சில போட்டுப் பாருங்க" என்றார். ரிவேர்ஸ் போட்டதும் கார் முன்னால் வந்தது.

குசினிப் படியிலிருந்து ஒரு சத்தம். மருமகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தியும் அடங்காமல், தோள் குலுங்கக் குலுங்க. அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்து இரண்டு வருடத்துக்கு மேல். அண்ணன் காருக்குள் இருந்தபடி அவளையே பார்த்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் அவளுடைய தோள் இன்னும் குலுங்குவதையும் சத்தம் மாறிவிட்டதையும் கவனித்தேன். குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"அண்டைக்கும் பப்பாட முகம் இப்பிடித்தான் இருந்த. கார் ஏன் போகல்ல எண்டு தெரியாம" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள்.

"பப்பா என்னைத்தான் இறங்கித் தள்ளச் சொன்ன, மாமி. நான் காலில போட்ட புதுச் சப்பாத்து நாசமாப்போகும் எண்டு சொன்ன. மம்மா, சரி நீ இரு எண்டு சொல்லிப்போட்டு இறங்கின."

அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். "அவ தானா இறங்கித் தள்ளின." அண்ணன் வீடு வீடாகச் சொன்ன அந்தப் பாடமாக்கிய வசனம் யாருக்காகப் பாடமாக்கப்பட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் தன்னைக் காப்பாற்ற இரும்பின் மேல் பழி போடவில்லை. இந்தப் பிள்ளையிடமிருந்து பழியை எடுத்து வைக்க அவருக்கு ஒரு இடம் தேவைப்பட்டிருக்கிறது. அச்சு ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. அதற்காகவே மகளும் வந்து பார்க்க வேண்டும் என்றார். கார் மணலிலிருந்து வெளியே வந்தால் குற்றம் அச்சுக்கு. வராவிட்டால் இவள் அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த தடவை கடல் வரும்போதும் படியிலேயே இருப்பாள். இதுவரைக்கும் அந்தச் சோதனை நடக்கவே கூடாது என்று நினைத்திருந்த நான், அது தவறிப்போகக் கூடாதே என்று அன்றிலிருந்து பயப்படத் தொடங்கினேன்.

அச்சைக் கழற்றி, இருக்கைகளை முறையாக அறுத்து ஒட்டிப் பூட்ட இன்னும் சில கிழமை போனது. வெல்டிங் கம்பியை நானே கடை கடையாக அலைந்து வாங்கினேன். என்னுடைய அக்கறையைக் கண்டு அண்ணன் சந்தேகமாகப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் உடைந்துவிடுவார் என்று பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போவதாக ஏற்பாடு. காலையில் கிணற்றடிக்குப் போனபோது உஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் பின்சில்லின் பக்கத்தில் குந்தியிருந்து ரயர்க் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். கரைவலை இழுக்கிற மீன்காரர் தங்கள் ரக்டரை மணலில் இறக்கும்போது செய்கிற காரியம் அது. காற்றுக் குறைந்த ரயர் தட்டையாகப் பரந்து மணலில் புதையாது. டச்பாரில் வளர்ந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே ரயர், அதே காற்று, அதே மணல் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன மனிதர், என்னைக் கண்டதும் விரலை எடுக்காமலே, "பேசாத தங்கச்சி" என்றார்.

"முன்சில்லிலயும் இறக்குங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மகள் சொன்னது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு எழும்பி முன்பக்கம் போனார்.

நால்வர் போனோம். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் கல்லாற்றுத் தம்பி, பின்னால் நானும் மருமகளும். அவள் ஏறுவாளோ என்று பயந்தேன், மறுபேச்சில்லாமல் ஏறினாள். பல்லு ஒட்டிய அச்சு ஒவ்வொரு திருப்பத்திலும் ரயரைத் தேய்த்து வீரிட்டது. புதுத் தகடுகள் ஒவ்வொரு குழிக்கும் எங்களைக் கூரையில் இடித்தன. கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் இறக்கிப் பார்த்து, காரைத் தடவிக்கொடுத்துப் போகவிட்டார்கள். வடக்கில் அப்போது சண்டை இன்னும் நடந்துகொண்டிருந்தது.

டச்பாரில் அவர்கள் வீட்டின் அத்திவாரம் மட்டும் இருந்தது. எங்களை இறக்கிவிட்டு அண்ணன் காரை மணலுக்குள் செலுத்தி, நடுவில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். அது நிற்கட்டும், புதையட்டும் என்று காத்திருந்தார். நான் மருமகளின் கையைப் பிடித்திருந்தேன். பிறகு அவர் திறப்பைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பினார். பின்சில்லுகள் இரண்டும் ஒருக்கால் மணலைக் கிளறின. கார் உறுமி, பின்பக்கத்தை ஒருதரம் சிலுப்பி, நேராக வெளியே வந்தது.

அண்ணன் இறங்கி மகளுக்கு முன்னால் வந்து நின்றார். வியர்வை ஓடியது.

"கண்டயா மகள்? பிழை அச்சிலதான் கிடந்த. இது முதலே இருந்திருந்தா ஒருத்தரும் இறங்கத் தேவையில்ல. நீயும் இல்ல, மம்மாவும் இல்ல."

அவள் மணலில் பதிந்திருந்த சில்லுத் தடம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராகத் தகப்பனைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா உள்ள இறக்குங்க பப்பா. நான் தள்ளணும்."

"தேவையில்ல மகள். அது தானா வருது."

"தெரியும். காரை எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கார் திரும்ப மணலுக்குள் போய் நின்றது. அவள் அதன் பின்னால் போய் டிக்கியில் இரண்டு கையையும் வைத்துக் காலை ஊன்றினாள். உதவிக்கு ஓடப்பார்த்த தம்பியைச் சேட்டில் பிடித்து நிறுத்தினேன். எஞ்சின் எழும்பியது. மணல் அவள் சட்டையிலும் முகத்திலும் அடிக்க அடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, அவள் தள்ளினாள். அண்ணன் கண்ணாடியில் அவளையே பார்த்தபடி, அவளுடைய கை விலகிப்போகாத வேகத்தில், தார் ரோடு வரைக்கும் காரை மெல்ல மெல்லக் கொண்டுவந்தார்.